முதல் மழைக்கு முன் வரச்சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

போன கிழமை வந்த உன் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முதல் மழை விழுவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து சேருவோமா, அல்லது நான் மட்டும்தான் வருவேனா என்று திட்டமாகச் சொல்லும்படி கேட்டிருந்தாய். ஒரு தந்தியில் அடங்கிவிடக்கூடிய பதில்தான். ஆனால் தந்தி அடித்தால் நீ விஷயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவாய். சின்ன வயதிலேயே எந்தக் கதைப்புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிறவன் நீ. ஆகையால் பதிலை நான் கடைசியில்தான் எழுதப் போகிறேன். தாள்களைப் புரட்டாமல் ஒழுங்காக வா. எஸ்.எஸ்.சி. சோதனை மண்டபத்தின் வாசல் வரை போய் உள்ளே போகாமல் திரும்பி வந்த மனிதன், பஸ் டிப்போவில் எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பாதி ஆயுளைக் கழித்தவன், இவ்வளவு நீளமாக எழுதுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாசி. தகப்பன் எழுதியது.

நீ கானாவுக்குப் படிப்பிக்கப் போகும்போது எங்களை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுப் போனாய். அதற்குப் பிறகுதான் அக்கா, இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலையில் நிலைத்தவுடன், எங்களை மெல்பேர்ணுக்குக் கூப்பிட்டு எடுத்தாள். ஆகவே இந்த நோபல் பார்க் வீட்டை நீ கண்டதில்லை. குசினியை மட்டும் மனதில் வரைந்துகொள். நடந்ததில் முக்கால்வாசி அங்கேதான் நடந்தது. ஒரு மேசை, மூன்று கதிரை, ஜன்னலுக்கு வெளியே குடை மாதிரிச் சுற்றுகிற உடுப்புக் கொடி. உன் முதல் கடிதம் தை மாதத்தில் வந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கார்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, எத்தனை தரம் கழுவினாலும் எண்ணெய் மணம் போகாத கையோடு, கடிதத்தை வாய்விட்டு வாசித்தேன்.

மார்த்தா என்ற பிள்ளையைக் கலியாணம் செய்ய விரும்புகிறாய். அவள் உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. அவளுடைய வீடு இன்னும் வடக்கே, பாலம் இல்லாத ஓர் ஆற்றைத் தாண்டிப் போகிற கிராமம். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் நேரில் வந்து பெண் கேட்டால்தான் அவளுடைய தகப்பன் பேச்சையே தொடங்குவார். இப்போது ஆறு காய்ந்து கிடப்பதால் லொறி மணலில் இறங்கி ஏறிப் போகிறது. முதல் மழை விழுந்தால் லொறி நின்றுவிடும். ஊர் முழுக்க விதைப்புக்குப் போய்விடும். அறுவடை வரை கலியாணப் பேச்சு எடுக்க ஆள் இராது. அறுவடைக்கு முதல் உன் வேலை ஒப்பந்தம் முடிகிறது, நீ அந்த நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆகையால் வறட்சி முடிகிற நேரம், பங்குனி நடுவில், வாருங்கள் என்று எழுதியிருந்தாய். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு நான் வாசித்த ஒழுங்கில் சொல்கிறேன்.

"பங்குனியோ?" என்று அம்மா கேட்டார். கானாவைப் பற்றியும் கேட்கவில்லை, மார்த்தாவைப் பற்றியும் கேட்கவில்லை. "பங்குனியிலை ஆரும் கலியாணம் வைப்பினமோ?"

"கலியாணம் இல்லையப்பா. பொம்பிளை கேக்கப் போறது."

"பொம்பிளை பகுதியெல்லோ எங்களிட்டை வரவேணும்?"

"அங்கை மாப்பிளை பகுதிதான் போறதாம். மாடும் குடுக்க வேணுமாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எஞ்சினைக் கழற்றும்போது எந்த நட்டை எந்த ஒழுங்கில் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். பேச்சில் அந்த ஒழுங்கு எனக்குப் பிடிபடுவதில்லை. அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"மாடோ? ஆர் ஆருக்குக் குடுக்கிறது?"

"நாங்கள் அவைக்கு."

"ஊர் உலகத்திலை பெடியனைப் பெத்தவை எல்லாம் சீதனம் வாங்குகினம். நாங்கள் மட்டும் மாடு சாய்ச்சுக்கொண்டு போறதோ? அதுவும் நோபல் பார்க்கிலை இருந்து?"

மாட்டு விஷயத்தை நீயே பார்த்துக்கொள்வதாக எழுதிய வரியை அவசரமாக வாசித்துக் காட்டினேன். அதில் கொஞ்சம் தணிந்தார். பிறகு கடைசி வரி. 'அப்பா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அம்மாவும் விரும்பினால் வரலாம்.' இதை வாசித்துவிட்டு நிமிர்ந்தால் அம்மா எழும்பிக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். உரிக்காத வெங்காயம் இன்னும் பாதி இருந்தது.

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றார். "என்னை ஆர் கூப்பிட்டது?"

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாட்டுக் கோபம் என்று நினைத்தேன். அடுத்த நாளே உனக்கு ஓர் ஏரோகிராமில் 'நான் வருகிறேன், அம்மா சந்தேகம்' என்று எழுதிப் போட்டுவிட்டு, பயண அலுவலில் இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலேறி நகரத்துக்குப் போய் ஒரு பயண முகவர் அலுவலகத்தைப் பிடித்தேன். அங்கே இருந்த பிள்ளைக்கு அக்காவிலும் வயது குறைவு. ஆபிரிக்கா என்றதும் யானையும் சிங்கமும் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தாள். மிருகம் பார்க்க அல்ல, பெண் கேட்கப் போகிறேன் என்று சொன்னேன். அவள் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "உங்களுக்கா?" என்று கேட்டாள். எனக்கில்லை, என் மகனுக்கு என்று விளக்குவதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த உலக உருண்டையைச் சுழற்றி அவளும் நானும் கானாவைத் தேடினோம். அவள் ஜொஹானஸ்பேர்க் வழியாகப் போனால் கிட்ட என்றாள். வெள்ளையனுக்கு ஒரு கதவு, மற்றவனுக்கு ஒரு கதவு வைத்திருக்கிற அந்த ஊர் விமான நிலையத்தில் என்னை எந்தக் கதவால் உள்ளே விடுவார்கள் என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. உருண்டையை மற்றப் பக்கம் திருப்பினாள். ஆகையால் வழி லண்டன் வரை போய், அங்கிருந்து திரும்பித் தெற்கே அக்ராவுக்கு இறங்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். லண்டனில் அப்போது குளிர், உன்னிடம் அனல். ஒரே பெட்டிக்குள் ஓவர்கோட்டும் மெல்லிய வேட்டியும் போக வேண்டும். கடைசியில் அவள் ஒரு டிக்கெட்டா இரண்டா என்று கேட்டாள். ஒன்றை எழுதச் சொன்னேன், மற்ற ஆசனத்தைப் பிடித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். மாசி மாத முடிவு வரை பிடித்து வைக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றாள்.

பிறகு லீவு. என் ஃபோர்மன் நல்ல மனிதர், ஆனால் எந்தப் பகிடியையும் ஒரு நாளில் விட்டுவிடமாட்டார். "ஆபிரிக்காவுக்கா? சிங்கம் சுடவா?" என்று கேட்டார். இல்லை, மாடு கொடுக்கப் போகிறேன் என்றேன். அன்றிலிருந்து நான் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் வரிசையில் நிற்கிற இத்தாலிக்காரனும் கிரேக்கனும் மாடு மாதிரிக் கத்துகிறார்கள். லீவு கிடைத்தது.

ஊசிதான் என்னை விழுத்தியது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஒன்று, கொலராவுக்கு ஒன்று, அம்மைக்கு ஒன்று. கொலரா ஊசி போட்ட நேர்ஸ், எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும் என்றாள். எந்த நாட்டு எறும்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வலது கை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சலும் பிடித்தது. தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியாமல், அம்மாதான் சேர்ட்டைக் கழற்றி, சீப்பால் தலை இழுத்துவிட வேண்டியிருந்தது.

"கானாவுக்குப் போக முதலே படுத்திட்டியள்," என்றார் அம்மா. "அங்கை போய்ப் பொம்பிளை கேக்கப் போறியளோ, கட்டில் கேக்கப் போறியளோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பயணத்துக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை, தம்பி. எனக்கு உடுப்பு மடித்து வைத்தார், மலேரியாக் குளிசையை நாள் தவறாமல் எடுத்துத் தந்தார். நீ எழுதினவற்றை எல்லாம் என்னை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். புல் எல்லாம் எரிந்து நிலம் கறுத்துக் கிடக்கும், மரத்தில் இலை இராது, கிணறு வற்றிக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர்தான் கிடைக்கும், மத்தியானத்தில் ஆடுகூட நடக்காது, லொறி விடியவே புறப்படும், பருத்தி உடுப்பு மட்டும் கொண்டுவாருங்கள். ஓர் ஊரின் மிகவும் வடிவில்லாத மாதத்தைப் பார்த்து ஏன் எங்களைக் கூப்பிடுகிறாய் என்று எனக்கே தோன்றியது. பாதை திறந்திருக்கிற மாதம் அதுதான் என்று நீ எழுதியிருந்தது பிறகுதான் மண்டையில் ஏறியது. எனக்காக இவ்வளவும் செய்தவரிடம் நீரும் வாரும் என்றால் மட்டும் அதே பதில். மாம்பழம் பழுத்துக் கொட்டுமாம் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். மாம்பழம் டின்னில் கிடைக்கிறது என்றார்.

உனக்கு ஒளித்து என்ன? கறுப்பு என்ற சொல் இந்த வீட்டில் வரவே இல்லை என்று எழுதினால் பொய். ஒரு தரம் வந்தது. அம்மாவின் வாயில் வந்தது, அதைக் கேட்டு நான் உடனே மறுக்கவில்லை. பிறகு சேர்ட்டுக் கையைச் சுருட்டி மேசையில் நீட்டி, "நாங்கள் என்ன பால் நிறமோ?" என்று கேட்டேன். அதற்கு முந்தின கிழமை ரயிலில் ஒருவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்ன வார்த்தை அம்மாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தச் சொல் அதோடு போய்விட்டது. "அந்தப் பிள்ளையோடை நான் என்ன பாஷையிலை கதைக்கிறது?" என்ற கேள்விதான் மிஞ்சியது. அது நியாயமான கேள்வி.

உன் இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. மார்த்தாவின் தகப்பன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். 'தகப்பன் மட்டும் வந்தால் பாதி வீடுதான் வந்திருக்கிறது. மற்றப் பாதி ஏன் வரவில்லை என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் கிடைக்கும் வரை என் மகளைப் பற்றிப் பேசமாட்டேன்.' மனிதர் கண்டிப்பானவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? அன்றைக்குக் குசினியில் நின்று கடைசி முயற்சியாக, "சரி, நான் கூப்பிடுறன். நீர் வாரும்," என்றேன்.

"நீங்கள் ஆர் என்னைக் கூப்பிட? நீங்களே கூப்பிட்டுப் போற ஆள்தானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாடும் இல்லை, பங்குனியும் இல்லை. எனக்கு என் ஐயாவின், உன் அப்பப்பாவின், கதிரை ஞாபகம் வந்தது.

இந்தக் கதை உனக்குத் தெரியாது. உன் பெரியப்பா, என் அண்ணன், தான் விரும்பின பிள்ளையைத்தான் கட்டினார். ஐயா எதிர்க்கவில்லை. கலியாணத்தன்று விடியவே குளித்து, மடிப்புக் கலையாத வேட்டி சால்வையோடு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார். அண்ணனுக்கு அவரிடம் நேரே கதைக்கக் கூச்சம். உள்ளே வந்து எங்களைப் பெற்ற ஆச்சியிடம், "ஐயாவும் விருப்பமெண்டால் வரட்டும்," என்று சொல்லிவிட்டு மற்ற அலுவலைப் பார்க்கப் போய்விட்டார். ஐயாவின் காதில் அது விழுந்தது. கார் வந்தது, எல்லோரும் ஏறினோம், ஐயா எழும்பவில்லை. நான் இறங்கிப் போய், "வாங்கோ ஐயா," என்று கையைப் பிடித்தேன். "நீ கூப்பிடாதை. கூப்பிட வேண்டியவன் கூப்பிடட்டும்," என்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கார் வெளிக்கிட்டுவிட்டது. தாலி கட்டி, சாப்பிட்டு, பொம்பிளை மாப்பிளையோடு திரும்பி வந்தோம். அவர் அதே கதிரையில், அதே மடிப்போடு இருந்தார். அண்ணன் சாகும் வரைக்கும், ஐயாவுக்குத் தன் கலியாணத்தில் விருப்பமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஐயாவோ அண்ணன் தன்னை வேண்டாத ஆளாக நடத்தினான் என்று நினைத்துக்கொண்டு செத்தார். இரண்டும் இல்லை. ஒரு வசனம், ஒழுங்காகச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அம்மா விரும்பினால் வரலாம் என்று நீ எழுதினது அந்த வெயிலையும் லொறியையும் நினைத்துத்தான் என்று எனக்குத் தெரியும். அவரை வற்புறுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம், விரும்பினால் வா என்றால் நீ வராவிட்டாலும் குறையில்லை என்று அர்த்தம். இது உனக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதை உனக்கு எழுதுவதற்குப் பேனாவும் எடுத்தேன். எழுதினால் கடிதம் உன்னிடம் வந்து, உன் பதில் இங்கே வருவதற்குள் மாதம் முடிந்துவிடும், பிடித்து வைத்த ஆசனம் போய்விடும். அந்த நேரத்தில்தான் உனக்குத் தெரியாமல் அங்கே ஒருவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

தபாலில் ஒரு அறிவித்தல் வந்தது. ஒரு பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, பெயருக்குரியவர் நேரில் வந்து எடுக்க வேண்டும் என்று. என் பெயராக இருக்கும் என்று பார்த்தேன். அம்மாவின் பெயர். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் பெயருக்கு வந்த முதல் தபால் அதுதான்.

"எனக்கு ஆர் அனுப்புறது?" என்று கேட்டபடியே நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தார்.

நகரத்தில் பார்சல் கந்தோரில் எங்களுக்குக் கிடைத்த அதிகாரி பெரிய உருவம், முகம் முழுக்கப் புள்ளி, காதில் பென்சில். பார்சலை முன்னமே திறந்து வைத்திருந்தார். உள்ளே கோடு கோடாக நெய்த தடித்த துணி ஒன்று. அதன் மேல் ஒரு தட்டில் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் பெரிய கொட்டைகள் கொஞ்சம்.

"இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

கானா விஷயத்தில் இந்த வீட்டின் நிபுணன் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏதோ மருந்து," என்றேன். மருந்து என்ற சொல்லைச் சுங்கத்தில் சொல்லக் கூடாது, தம்பி. இதை எங்கேயும் மறக்காதே. அவர் முகம் மாறி உள்ளே திரும்பி வேறு ஒருவரைக் கூப்பிட்டார்.

"உந்த வாயை வைச்சுக்கொண்டு கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றார் அம்மா. கொட்டைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது பாக்கு. வெத்திலை பாக்கு மாதிரி ஒரு சாமான். அந்தத் துண்டை வாசியுங்கோ."

துணிக்குள் ஒரு சின்னத் துண்டு இருந்தது. மார்த்தா இங்கிலீஷில் எழுதியிருந்தாள். தன் தாய்க்கு எழுதத் தெரியாது, அவர் சொல்லித் தான் எழுதுவதாக. நான் அதிகாரிக்குக் கேட்க ஒரு தரம் வாசித்துவிட்டு, அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். 'பெண் கேட்கிற மகனின் தாய்க்கு. இந்தக் கோலாக் கொட்டையை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று என் அம்மா சொல்கிறார். எங்கள் ஊரில் ஒருவரைக் காகிதத்தால் கூப்பிடுவதில்லை. நீங்கள் வர வேண்டும். துணி இரவுப் பயணத்தில் போர்க்க.'

அதிகாரி இளகிவிட்டார், ஆனாலும் சட்டம் சட்டம்தான். துணியைக் கொண்டுபோகலாம், கொட்டை, விதை எதுவும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்றார். நான் வாதாடத் தொடங்கினேன். அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"இஞ்சருங்கோ, ஒருக்கால் கையிலை தரச் சொல்லுங்கோ."

"எரிக்கப் போறாங்களாமப்பா," என்றேன்.

"எரிக்கட்டும். ஒருக்கால் என்ரை கையிலை தந்திட்டு எரிக்கட்டும்."

என் மனைவி அதை ஒருமுறை கையில் வாங்க வேண்டுமாம், உடனே திருப்பித் தந்துவிடுவார் என்று நான் அதிகாரிக்குச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். இரண்டு கையால் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டுப் பெரிது, அதுதான் காரணமாக இருக்கும். அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, ஊரில் கலியாண வீட்டார் வெற்றிலைத் தட்டம் நீட்டும்போது வாங்குவது போலவே, இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தார். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"காணும்," என்றார்.

"அவ்வளவுதானா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். அவ்வளவுதான், எங்கள் மகனின் கலியாணப் பேச்சுக்கு அழைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார். அம்மா "தாங்க்யூ" என்றார். வீட்டுக்கு வெளியே அவர் இங்கிலீஷ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரயிலில் வரும்போது துணியை மடியில் விரித்து, கோடுகளை விரலால் தடவிக்கொண்டு வந்தார். பாதித் தூரம் வந்த பிறகு, "ஆள் எப்பிடி இருப்பா?" என்று கேட்டார்.

"மார்த்தாவோ?"

"அந்தப் பிள்ளையில்லை. பாக்கு அனுப்பினவ."

எனக்குத் தெரியாது என்றேன். வருகிறீரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. என் வாயைப் பற்றி எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு தடவையாவது புத்தியாக நடந்தேன் என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றும் அடுத்த நாளும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பயண அலுவலகப் பிள்ளை சொன்ன மாத முடிவு வந்துகொண்டிருந்தது.

நேற்று வேலையால் வந்தேன். இங்கே மாசி என்றால் நல்ல வெயில், வடக்குக் காற்று நெருப்பு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அறைக்குள் அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வந்திட்டியளே? அந்த மேலை இருக்கிற சூட்கேசை ஒருக்கால் இறக்கித் தாங்கோ. எனக்குக் கை தூக்க ஏலாது."

"ஏன், கைக்கு என்ன?"

"கொலரா ஊசி போட்ட கை. எங்கடை மூத்தவள் லீவெண்டு வந்தவள், அவள்தான் கூட்டிக்கொண்டு போனவள்." பிறகு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே, "நான் உங்களைப் போலை படுக்கேல்லை. சோறும் வைச்சிட்டன்," என்றார்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். இரண்டு பேரும் வருகிறோம். இன்று காலை தொழிற்சாலையில் இருந்து தொலைபேசி எடுத்து, பிடித்து வைத்த ஆசனத்தை எழுதச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை மகிழ்ச்சியில் சத்தம் போட்டாள். அவள் அலுவலகம் முழுவதும் நம்முடைய கலியாணத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது போல. பங்குனிக்கும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பங்குனியில் பெண் கேட்கலாம், அது அவர்களின் முறை, அவர்களின் மாதம். தாலியை வைகாசியில், உன் ஒப்பந்தம் முடிந்து நீ மார்த்தாவை இங்கே கூட்டிக்கொண்டு வரும்போது கட்டலாம். இதில் உனக்கும் மார்த்தாவுக்கும் சம்மதமா என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசி, முடியாதென்றால் அவருக்கு நேரே எழுது. எனக்கு எழுதாதே.

இனி நீ செய்ய வேண்டியது. லொறியில் முன் ஆசனம் அம்மாவுக்கு. நான் பின்னால் மூட்டைகளோடு வருகிறேன். எஞ்சின் சத்தம் பிழைத்தால் இறங்கிப் பார்க்க வசதி. மார்த்தாவின் தகப்பன் கேட்கிற கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லித் தா; எனக்கு நீ பேச்சில் விடுகிற இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கலியாணத்துக்கு யாரைக் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று கூப்பிடு. வருகிறவர் வசதியை அவர் பார்த்துக்கொள்வார். முக்கியமாக, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அம்மாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. அவர் ஏற்கெனவே வருகிறார், இனி எதற்கு என்று நினைக்காதே. கூப்பிட வேண்டியவன் நீ. வானத்தில் ஒரு மேகம் கண்டாலும் நாங்கள் வந்து ஆற்றைக் கடக்கும் வரை எப்படியாவது சமாளித்துக்கொள்.

உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம், "தம்பிக்கு ஏதும் எழுத வேணுமோ?" என்று கேட்டேன். கையைத் தூக்க முடியாமல் இடது கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு ஒண்டும் இல்லை. அந்தப் பிள்ளையின்ரை தாய்க்கு எழுதுங்கோ."

"என்னெண்டு?"

"பாக்குக் கிடைச்சது எண்டு."

அப்பா